காலால் பிறந்தவள்

நான் காலால் பிறந்தவள். எல்லாப் பிள்ளைகளும் தலையை நீட்டிக்கொண்டு வர, நான் மட்டும் இரண்டு பாதங்களை முதலில் வெளியே விட்டேனாம். "ஒலகத்தை எட்டி ஒதச்சுக்கிட்டே வந்தவடி நீ" என்பாள் ஆத்தா. அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது என்று மருத்துவச்சி சொன்னாளாம். பிழைத்த பிறகு அந்தக் கோளாறே எனக்கு மரியாதையாகிவிட்டது. காலால் பிறந்த பிள்ளை முதுகில் ஏறி மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. கப்பல் ஏறும்போது மூட்டை முடிச்சோடு அதையும் கட்டிக்கொண்டு ரங்கூனுக்கு வந்திருந்தார்கள்.

ரங்கூனில் முதுகுப் பிடிப்புக்கு என்ன பஞ்சம்? ஆற்றங்கரையில் அரிசி மூட்டை சுமக்கிறவர்கள், முனிசிபல் வண்டி தள்ளுகிறவர்கள், ஆலையில் உமி அள்ளுகிற பெண்கள், எல்லோருக்கும் முதுகுதான் மூலதனம். நாலு வயதிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முதுகில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு முறை உண்டு. விடியற்காலையில், வெறும் வயிற்றோடு, பிடிப்புக்காரர் குப்புறப் படுக்க வேண்டும். பெரியவராக இருந்தால் முதலில் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்பிலிருந்து மேலே போய்க் கீழே வருவது, மூன்று தடவை. அப்படி மூன்று நாள். காசு வாங்கினால் கால் பலிக்காது. ஒரு துண்டு பனைவெல்லம் வாங்கிக்கொள்ளலாம். அந்த வெல்லத்துக்காகவே, யாருக்காவது முதுகு பிடித்துக்கொள்ளாதா என்று நான் காத்துக் கிடந்த நாட்கள் உண்டு.

பெரியவளான பிறகு ஆத்தா வேலி போட்டுவிட்டாள். இனிமேல் பெண்களுக்கும் வீட்டு மனிதர்களுக்கும் மட்டும்தான் மிதிக்கலாம். அதற்குள் என் கால்களுக்கு நாலு தெருவில் பெயர் வந்திருந்தது, எனக்குக் கர்வமும் வந்திருந்தது. கீழ்வீட்டில் மொய்ங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மியப் பெண்மணிக்கு மட்டும் இது பிடிக்காது. அவளை நாங்கள் டோடோ என்போம், பர்மியில் அத்தை என்று பொருள். மூத்தவர்கள் மேல் கால் வைப்பதா, பாவம் பாவம் என்று தலையில் அடித்துக்கொள்வாள். "பாவத்தைப் பாத்தா இடுப்பு நிமிருமா?" என்று ஆத்தா தமிழில் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

ஊரையெல்லாம் நிமிர்த்திய அந்தக் கால்கள் என் அண்ணனிடம் தோற்றன.

அண்ணன் எனக்கு ஒன்பது வயது மூத்தவன். அய்யா காலராவில் போனபோது நான் கைக்குழந்தை. என்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் அவன்தான். நெட்டையன். எங்கள் மாடி வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொண்டு, "இந்த வீட்டுக்காரன் குள்ளன் போல" என்று திட்டிக்கொண்டேதான் தினமும் உள்ளே வருவான். ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் என்ற ஊரில், மண்ணெண்ணெய் டின்களுக்கு ஈயம் பற்றவைக்கிற கொட்டகையில் அவனுக்கு வேலை. காலையில் லாஞ்சுப் படகில் போவான், சாயந்தரம் லாஞ்சில் வருவான்.

இருபது வயதில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே வலி தொடங்கியது. அது ஒரு விசித்திரமான வலி. மற்றவர்களுக்கு வேலை செய்தால் வலிக்கும், படுத்தால் தேவலை. இவனுக்குப் படுத்தால் வலிக்கும். விடியும்போது மரக்கட்டையாக விறைத்துக் கிடப்பான். எழுந்து சட்டை போட அரை மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய் நாலு டின் தூக்கினால் சரியாகிவிடும் என்பான். "வேலை செஞ்சா நோவு போவுதுன்னு சொல்ற மொத ஆளு நீதான்டா, ஒன் மேஸ்திரி கேட்டா கோயில் கட்டிருவான்" என்பாள் ஆத்தா. நாங்கள் சிரித்தோமே தவிர, அவன் சொன்னதை நம்பவில்லை. எங்களுக்காக வலியை மறைக்கிறான் என்று நினைத்தோம்.

அவன் உடம்பு அவனிடம் உண்மையைத்தான் சொன்னது. நாங்கள்தான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை அசையவிட மாட்டோம். எண்ணெய் காய்ச்சித் தடவினோம், கொள்ளு வறுத்து ஒத்தடம் கொடுத்தோம், நொச்சி இலையை வேகவைத்து ஊற்றினோம். இலவம்பஞ்சுத் தலையணைகள் மூன்றை அடுக்கி, சாய்ந்தாற்போல் படுக்க வைத்தாள் ஆத்தா. அப்படிப் படுத்தால் அவனுக்கு இதமாகவும் இருந்தது. ஐந்து வருஷம் அப்படிப் படுத்தான். அன்பு என்று நினைத்துக்கொண்டு நாங்கள் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டிருந்தோம். நானும் என் பங்குக்கு மாதம் ஒரு முறை மிதித்தேன். இரண்டு நாள் தேவலை என்பான். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

ஒரு சாயந்தரம் அவன் நிலையில் தலையை இடிக்காமல் உள்ளே வந்தான். குனியவும் இல்லை. வந்தவன் அப்படியே நின்றான். நானும் ஆத்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிலைக்கு எட்டாத அளவுக்கு அவன் வளைந்துபோயிருந்தான். மறுநாள் ஆத்தா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

டாக்டர் மதராஸ் பக்கத்து மனிதர், நல்ல தமிழ் பேசுவார். முதுகைப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"டாக்டரய்யா, வேலை செஞ்சா நோவு கொறையுதுங்க. சொன்னா வீட்டுல என்னைப் பைத்தியம்ங்கறாங்க" என்றான் அண்ணன்.

"நீ சொல்றதுதான் சரி" என்றார் டாக்டர். அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்க்க முயன்றான். கழுத்து திரும்பாததால் உடம்பு முழுவதையும் திருப்பினான். "முதுகெலும்புங்கறது ஒத்தை எலும்பு இல்லை. அடுக்கு அடுக்கா இருக்கு, நடுவுல மடங்கிக்குடுக்கற எடம் இருக்கு. அந்த எடமெல்லாம் அழற்சி வந்து வீங்கி, இப்ப எலும்பாவே ஒட்டிக்கிட்டு வருது. இதைத் தீர்க்கற மருந்து என்கிட்ட இல்லை. யார்கிட்டயும் இல்லை. ஆனா வளைஞ்சு ஒட்டணுமா, நிமிர்ந்து ஒட்டணுமாங்கறது கொஞ்சம் நம்ம கையில இருக்கு."

தலையணையே கூடாது என்றார். வெறும் பலகையில் படுக்க வேண்டும், தினமும் கொஞ்ச நேரம் குப்புறக் கிடக்க வேண்டும். நடப்பதை விடக் கூடாது. காலையில் வெந்நீரில் குளித்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட வேண்டும், இல்லாவிட்டால் விலா எலும்பும் இறுகிவிடும். வலிக்கு ஒரு கசப்புத் தூள் கொடுத்தார். கிளம்பும்போது மறுபடியும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முக்கியமா ஒண்ணு. முதுகை யாரும் அமுக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. நம்ம ஜனங்க மேல ஏறி மிதிப்பாங்க, தெரியும். கூடவே கூடாது. ஒட்டின எலும்பு காஞ்ச மூங்கில் மாதிரி, வளையாது, முறிஞ்சுரும்."

என் காலைப் பார்த்தே அவர் அதைச் சொன்னதாக எனக்குப் பட்டது. உச்சந்தலைவரைக்கும் ஏறிவிட்டது கோபம். பத்து வருஷமாக ஊருக்கு மிதித்தவள் நான். ஒருத்தராவது முறிந்தார்களா? ஒரு கறுப்புப் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் காலுக்குத் தடை போட இவர் யார்? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஆத்தா வீட்டுக்கு வந்ததும் சூடத்தை ஏற்றி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணன் முதுகுல கால் வைக்க மாட்டேன்னு சூடத்தை அடி" என்றாள். அடித்துச் சத்தியம் செய்தேன். உள்ளுக்குள் கறுவிக்கொண்டேதான் செய்தேன்.

அன்று முதல் வீடே மாறியது. ஆத்தா மூன்று தலையணைகளையும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, அவன் பலகையில் படுப்பதைப் பார்க்கச் சகிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தலைக்கும் பலகைக்கும் நடுவில் அத்தனை இடைவெளி இருந்தது. "அந்தரத்துல தொங்குதேடா தலை, ஒரு துணியாவது மடிச்சு வைக்கிறேண்டா" என்பாள். "வேணாம் ஆத்தா, டாக்டரு சொன்னதை ஒரு தடவையாவது முழுசாக் கேப்போம்" என்பான் அவன். கசப்புத் தூள் வலியைக் குறைத்தது, ஆனால் காதுக்குள் இரைச்சலைக் கொண்டுவந்தது. "லாஞ்சு எங்காதுக்குள்ளயே வந்து நிக்குது, ஏறிக்க வேண்டியதுதான்" என்று சிரிப்பான்.

டாக்டர் ஒரு சோதனையும் சொல்லிக்கொடுத்திருந்தார். குதிகால் சுவரில் படும்படி நின்றுகொண்டு, தலையின் பின்பக்கத்தைச் சுவரில் தொட முயல வேண்டும். தொடாது. எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அளக்கிற வேலை என்னுடையது. முதல் நாள் ஏழு விரல். ஐப்பசியில் ஏழாக இருந்தது தை பிறந்தபோது ஆறாகி, மாசி முடியும்போது ஐந்தாயிற்று. பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா வந்த சித்திரையில் நாலு விரல். அந்தத் திருவிழாவில் தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் தண்ணீர் ஊற்ற, அவன் நனைந்த கோழியாக நின்றுகொண்டு, மாடி ஜன்னலில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்துக் கையாட்டினான். அவன் அண்ணாந்து பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, கொஞ்சம் பொறாமையும் வந்தது. என் கால் செய்யாததை ஒரு மரப்பலகை செய்துவிட்டது.

மழை பிடித்தது. ரங்கூன் மழை வைகாசியில் தொடங்கினால் ஐப்பசி வரைக்கும் ஓயாது. ஆனியில் அண்ணனுக்கு வலி பழையபடி வந்தது, பழையதைவிட மோசமாகவே வந்தது. ஒரு கண் ரத்தமாகச் சிவந்து வெளிச்சம் பார்க்கக் கூசியது. சாயந்தரமானால் காய்ச்சல். கசப்புத் தூள் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டதால் வாயில் போட்டதெல்லாம் வெளியே வந்தது. தூளை நிறுத்தினோம். பன்னிரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பலகையில் நேராகப் படுக்க முடியாமல் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தான். ஒரு நாள் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினேன். எட்டு விரல். எட்டு மாதப் பாடு பன்னிரண்டு நாளில் போய்விட்டது.

எட்டு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அஞ்சு என்றேன். "பொய் சொல்லாத பாப்பா, எனக்கு ஒன் காலு மட்டுந்தான் தெரியுது" என்றான்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அன்று வியாழன். எனக்குப் பொறுக்கவில்லை. பதினாறு வயதுத் திமிர், அதற்கு மேல் ஆசை. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று விடியல் இருக்கிறது. திங்கட்கிழமை அண்ணன் நிமிர்ந்து நடந்து போய் அந்த டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். அவர் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். என் தங்கச்சி காலு என்று அண்ணன் சொல்ல வேண்டும். இதைத்தான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஆத்தா விடிவதற்கு முன்னால் ஆப்பக்கூடையோடு படகுத்துறைக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை அவள் படி இறங்கியதும் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, மிதிக்கட்டா?"

"சத்தியம் பண்ணியிருக்கியே."

"சத்தியம் என்னோடது. பாவமும் எனக்குத்தான்."

"டாக்டரு?"

"டாக்டரு தலையால பொறந்தவரு. அவருக்கு என்ன தெரியும்?"

சிரித்துவிட்டான். சிரித்தால் அவனுக்கு விலா வலிக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு பலகைக்குப் பக்கத்தில் நான் விரித்த பாயில் மெல்லக் குப்புறப் புரண்டான். வலியில் கிடக்கிறவனுக்கு எதையாவது நம்ப வேண்டியிருக்கிறது. அதை இன்றைக்குப் புரிந்துகொள்கிறேன். அன்றைக்கு, அவன் என்னை நம்புகிறான் என்றே நினைத்துப் பூரித்தேன்.

அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முதல் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி பாரம்தான் வைத்தேன். முதுகு என் பாதத்துக்குப் பழகிய முதுகாக இல்லை. எத்தனையோ முதுகுகள் என் காலுக்குக் கீழே இளகிக்கொடுத்ததை நான் அறிவேன். இது கொடுக்கவில்லை. வீட்டுத் தரையை மிதிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. ஆனால் அன்று அண்ணன் தானாக எழுந்து தண்ணீர்ப் பானைவரைக்கும் நடந்தான். "இன்னைக்கு லேசா இருக்கு பாப்பா" என்றான். அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. அது எனக்காகச் சொன்ன பொய் என்று பின்னால் அவனே ஒப்புக்கொண்டான். நீ அந்த முகத்தோட நின்னா நான் வேற என்ன சொல்றது என்றான்.

மூன்றாம் நாள் கம்பியைப் பிடிக்கவில்லை. முழுப் பாரத்தோடு நின்றேன். முதல் தடவை மேலே போய் வந்தேன். இரண்டாம் தடவை நடு முதுகில் குதிகாலை ஊன்றினேன். சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அண்ணன் கத்தவில்லை. "பாப்பா, எறங்கு" என்றான்.

"எறங்கிட்டேன் அண்ணே."

"இல்ல, எங்காலு மேல நிக்கிற. எறங்கு."

நான் தரையில் நின்றுகொண்டிருந்தேன். அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

காலை அசை அண்ணே, அசை அண்ணே என்று அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு வலது கால் பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. சத்தியமாக அசைந்தது, நான் பார்த்தேன். டோடோவைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். அவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"இரு. ஆத்தாகிட்ட என்ன சொல்லுவ?"

மறுபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ மிதிச்சேன்னு தெரிஞ்சா ஆத்தா தாங்க மாட்டா. ஊரும் ஒன்னை விடாது, அண்ணனை ஒடிச்சவன்னு பேரு வந்துரும். எவன் ஒன்னைக் கட்டுவான்? படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கலாம். மழைத்தண்ணியில வழுக்கிருச்சு. என்னைப் பாயோட இழுத்துப் படிகிட்டக்கப் போடு."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளபடியே சொன்னால், அவன் அதைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசாயிற்று. தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்றுதான் என் மனம் நினைத்தது. பாயின் முனையைப் பிடித்து இழுத்தேன். நெட்டை மனிதன், கனம். நிலைப்படிக் கட்டை தடுத்தது. தூக்கி இழுத்தேன். அப்போதுதான் அவன் முதல் தடவையாகக் கத்தினான். மாடிப்படியின் மேல் தட்டில் அவனைக் கிடத்திவிட்டுப் பாயை உருவி உள்ளே போட்டேன். "இப்பக் கத்து" என்றான். சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை.

டோடோதான் முதலில் ஓடிவந்தாள். எங்கள் மரத்தரைக்கு நேர் கீழே அடுப்பு வைத்திருப்பவள் அவள். பாய் தரையில் தேய்ந்த சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. படியில் விழுந்த சத்தம் கேட்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும். அவள் அண்ணனைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ஆள் கூப்பிட ஓடினாள். கடைசிவரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த முதுகுக்குச் சின்ன விழுதலே போதும் என்றார். "விழுந்த பிறகு யாராவது தூக்கினாங்களா, இழுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. விழுந்த எடத்துலயேதான் கெடந்தேன்" என்றான் அண்ணன்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. பாயோடு இழுத்த பிறகு அந்தப் பெருவிரல் அசையவே இல்லை. இழுத்ததால் போயிற்றா, எப்படியும் போயிருக்குமா, தெரியாது. எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் இல்லை. அவனைப் பலகையில் வைத்து, படுக்கைப் புண் வராமல் நேரத்துக்கு நேரம் புரட்டிப் போட வேண்டும். தலைப்பக்கம் ஆத்தா, கால்பக்கம் நான். துறையில் ஆப்பம் விற்பதையும் ஆத்தா பாதியாகக் குறைத்துக்கொண்டாள். அவன் வழக்கம்போலத்தான் பேசினான். என்னைக் கேலி செய்தான், ஆத்தாவின் குழம்பில் உப்பு இல்லை என்றான். நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது மட்டும் பேச்சு வராது. மன்னித்துவிடு என்று நான் ஒரு தடவை தொடங்கினேன். "வேற பேச்சுப் பேசு" என்று சொல்லிவிட்டான்.

மறு வருஷம் தை மாதம் காய்ச்சலில் போனான். இருபத்தாறு வயது. அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய கார்த்திகையில் ஒரு காலை.

தினமும் பிள்ளையைத் தூக்கித் தூக்கி ஆத்தாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவள் நிமிர முடியாமல் அடுப்பங்கரையிலிருந்து தவழ்ந்து வந்தாள். அண்ணனின் பலகைக்குப் பக்கத்திலேயே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "வாடி, ஏறி மிதி" என்றாள்.

நான் அசையவில்லை. அண்ணன் முதுகு முறிந்ததிலிருந்து அந்த நாள்வரைக்கும் கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் என் காலில் சுளுக்கு என்று சாக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"என்னடி நிக்கிற? நான் எந்திரிச்சாத்தானே அவனைப் பொரட்ட முடியும்?"

அண்ணனைப் பார்த்தேன். "மிதி பாப்பா" என்றான் அவன்.

ஆத்தாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலை வைத்தேன். "பூனை நடக்குற மாதிரி இருக்குடி, நல்லா அழுத்து" என்றாள். அழுத்தினேன். அவள் முதுகு என் காலுக்குக் கீழே இளகிக்கொடுத்தது. இடுப்பில் ஏதோ சொடுக்கென்று விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆத்தா "அப்பாடா" என்று மூச்சு விட்டாள்.

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "போயிருச்சு. ஒங்காலு காலுதாண்டி" என்றாள். அப்படிச் சொன்னவள் திடீரென்று முகத்தில் அறைந்துகொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அந்த டாக்டரு பேச்சைக் கேட்டு ஒங்கிட்டச் சத்தியம் வாங்கினேனே, பாவி. இந்தக் காலை எம்புள்ளை முதுகுல வைக்க விட்டிருந்தா அவன் நிமிந்திருப்பானே. படியில விழுந்திருக்கவே மாட்டானே. நாந்தாண்டி அவனைக் கெடுத்தேன். பெத்தவ நானே கெடுத்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணனால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்து, வேண்டாம் என்று இமையை மூடித் திறந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் போன பிறகு என்னைத் தடுக்க யாரும் இல்லை. ஆத்தா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். எனக்குக் கல்யாணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூடம் ஏற்றி, பெற்ற பிள்ளையைக் கெடுத்தவள் நான், என்னை மன்னிச்சிரு தாயே என்று அவள் மாரியம்மனிடம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். கடைசிவரைக்கும் சொல்லவில்லை.